இருபது பல்லையும் பிடுங்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: "டாக்டர், நான் கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் அம்மாவுக்கு 59 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் கொழுந்து எடுத்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது. முன்னால் எட்டுப் பல் மட்டும் இருக்கிறது. மேலே வலதுபக்கம் இரண்டு போய்விட்டன, இன்னொன்று ஆடுகிறது. எட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வெற்றிலை பாக்கு போடுவார். மூன்று வருஷத்துக்கு முன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, வருஷத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை டிரிப்ஸில் ஊசி ஏற்றினார்கள். கோவையில் ஒரு பல் மருத்துவமனையில் காட்டினோம். மீதியிருக்கும் 20 பல்லையும் எடுத்துவிட்டு, மூன்றே நாளில் இரண்டு தாடைக்கும் இம்ப்ளான்ட் வைத்து நிரந்தரப் பல் கட்டித் தருகிறோம், நாலரை லட்சம் ஆகும், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் ஐம்பதாயிரம் தள்ளுபடி என்றார்கள். அம்மாவின் கிராஜுவிட்டி பணம் பேங்கில் இருக்கிறது. அவரைக்கொட்டையும் சுட்ட சோளமும் மென்று சாப்பிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. இந்தக் குளிரில் அந்த உலோகம் வலிக்குமோ என்றும் பயப்படுகிறார். நாங்கள் என்ன செய்யலாம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டவில்லை என்றால் இப்போதைக்குக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் அது போகட்டும், பல் பிடுங்குவதற்குச் சம்மதித்துத் தேதி மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

நான் குன்னூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். தாடை எலும்பில் உலோகத் திருகைப் பதித்து, அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட் நானும் வைக்கிறேன், வைத்தவர்கள் நன்றாக மென்று சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் படித்ததும் மற்ற கடிதங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். எலும்புத் தேய்மானத்துக்கு டிரிப்ஸில் ஏற்றிய அந்த ஊசியைத்தான் சொல்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு முறை அப்படி ஏற்றுவது பெரும்பாலும் சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தாக இருக்கும், ஒரு தடவைக்கு 5 மில்லிகிராம். நம் எலும்பு பழையதைக் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. வயதாக ஆகக் கரைவது மிஞ்சிவிடும். இந்த மருந்து அந்தக் கரைப்பை அடக்கி, இடுப்பும் முதுகெலும்பும் முறியாமல் காக்கிறது. அம்மாவுக்கு அதைப் போட்ட மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கு எலும்பு கரையவும் வேண்டும், கட்டவும் வேண்டும். இந்த மருந்து எடுத்துக்கொண்டவர்களில் அபூர்வமாகச் சிலருக்கு, பிடுங்கிய இடத்தில் ஈறு மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்தபடி வாரக்கணக்கில் நின்றுவிடும். உள்ளே எலும்பு செத்துக்கொண்டு வரும். மருத்துவ இதழ்களில் இது முதலில் பதிவானதே 2003-இல்தான். நான் படித்து முடித்து வந்த காலத்தில் எங்களுக்கே புதிய செய்தி அது.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. எலும்புத் தேய்மானத்துக்காக ஊசி போட்டுக்கொள்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இப்படி ஆகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக மாதாமாதம் இதே மருந்தை ஏற்றிக்கொள்பவர்களில்தான் நூற்றில் சிலருக்கு வருகிறது. ஒரு பல் உண்மையிலேயே கெட்டுப்போய்ச் சீழ் வைத்திருந்தால், தகுந்த முன்னேற்பாட்டோடு அம்மாவுக்கும் எடுக்கலாம். ஆனால் அந்த ஊசி ஏறிய உடம்பில், சர்க்கரையும் சேர்ந்திருக்கும்போது, ஒரே நேரத்தில் இருபது குழிகளைத் திறப்பது வேறு விஷயம். அதில் பல குழிகள், நிற்கக்கூடிய பல்லை எடுத்ததால் வந்தவையாக இருக்கும். இந்த ஊசியைப் பற்றி அந்த மருத்துவமனையில் யாராவது கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். கேட்காமலே தேதி குறித்திருந்தால், அங்கே போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு அது ஒன்றே போதும்.

அந்த மருந்து எலும்பிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிடும். பல்லுக்காக ஒரு வாரம், பத்து நாள் என்று எதையாவது நிறுத்துவதில் பலன் இல்லை. ஒருவேளை அது ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசியாக இருந்தால், அது வேறு மருந்து. அதைத் திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு. எதுவானாலும் எலும்பு மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி அந்த இருபது பல்லுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் எது நிற்கும், எது போகும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஆடுவதாக நீங்கள் எழுதியிருப்பது ஒன்றைத்தான். மிச்சம் பத்தொன்பதும் என்ன பாவம் செய்தன? பல் என்பது வாய்க்குள் வெளியே தெரிகிற பகுதி மட்டும் அல்ல. அதன் வேர்தான் தாடை எலும்பைப் பிடித்து வைத்திருக்கிறது. சரிவில் நிற்கும் மரத்தை வேரோடு எடுத்தால் அடுத்த மழைக்கு அங்கே மண் என்ன ஆகும் என்று கோத்தகிரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு மேடு முதல் ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறையப் பாதி அகலத்துக்கு ஒடுங்கிவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். அப்புறம் இம்ப்ளான்ட் வைக்கவும் அதே எலும்பைத்தான் தேட வேண்டும்.

மூன்று நாளில் பல் என்பது பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு முறை உண்டு. நீளமான திருகுகளை எலும்பின் இறுகிய அடிப்பகுதியில் பிடித்து, அவற்றை ஒரே கட்டாக இணைத்து, உடனே பல் கட்டிவிடுவார்கள். வாயில் ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கும், இருப்பதெல்லாம் காப்பாற்ற முடியாமல் ஆடிப்போனவர்களுக்கும் தேர்ந்த கைகளில் அது நல்ல வைத்தியம்தான். என் வருத்தம் வேகத்தைப் பற்றியது அல்ல. அந்த முறைக்கு வாய் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக வாயைக் காலி செய்யச் சொல்வதைப் பற்றியது. கட்டாக இணைத்துவிட்டதால் நாளைக்கு ஒரு திருகு கெட்டாலும் மொத்தத்தையும் கழற்ற வேண்டி வரலாம். அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் என்றால் என்ன என்று அம்மாவுக்குப் புரியும்படி நீங்களே சொல்ல வசதியாக ஒரு பழைய கதை. சுவீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற மருத்துவர் 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் ஒரு சின்னக் கூடு செய்து பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. அந்தத் தற்செயல்தான் ஆரம்பம். 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக அந்தத் திருகுகளை வைத்தார்கள். அவர் நாற்பது வருஷத்துக்கு மேல், சாகும்வரை, அவற்றைத்தான் பயன்படுத்தினார். ஆக, இது அனுபவப்பட்ட வைத்தியம்தான். திருகு எலும்போடு ஒட்டுவதற்கு வழக்கமான முறையில் கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதமும், எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடையில் நாலிலிருந்து ஆறு மாதமும் கொடுப்போம். ஒட்டின பிறகுதான் மேலே பல்.

குளிரில் வலிக்குமா என்று அம்மா கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் மலையில் எல்லோரும் கேட்கிறார்கள். வலிக்காது. பல்லுக்குள் நரம்பு இருப்பதால்தான் ஜனவரி மாதப் பனியில் வாயைத் திறந்தால் கூசுகிறது; இந்தத் திருகுக்கு நரம்பு இல்லை. ஆனால் அதில் ஒரு குறையும் இருக்கிறது. சோற்றில் மணல் அளவு கல் இருந்தாலும் நம் சொந்தப் பல்லுக்குத் தெரியும், ஏனென்றால் வேரைச் சுற்றி உணர்வுள்ள ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாமல் கொட்டைப்பாக்கைக் கடித்து, மேலே வைத்த பீங்கான் பல்லை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பாக்கு என்றதும் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. பனியிலும் தூறலிலும் நின்று கொழுந்து எடுப்பவர்கள் வெற்றிலை போடுவது ஏன் என்று எனக்குத் தெரியும். வாயில் ஒரு சூடு இருந்தால்தான் பொழுது போகும். திட்டுவதற்கு எனக்கு மனசு வராது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. பாக்கு இன்னொன்றும் செய்யும்: கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். இன்றைக்கே அம்மாவை அவருடைய ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் போகவில்லை என்றால் இம்ப்ளான்ட் பேச்சே அப்புறம்தான், கடைவாயில் துளை போடும் கருவி உள்ளே நுழையாது. கன்னத்தில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தாலும் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

சர்க்கரை விஷயத்தில், மாத்திரை தவறாமல் சாப்பிடுவதும் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் ஒன்றல்ல. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது, ரொம்ப நல்லது. அதனாலேயே சிலர் பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். கடந்த மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பாருங்கள். 7-க்குள் இருந்தால் தைரியமாக மேலே பேசலாம். 8-ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் பல் ஆடும். ஆடுகிறது என்று நீங்கள் எழுதிய பல்லுக்கேகூட அதுதான் காரணமாக இருக்கலாம். ஈறுக்கு அடியில் சேர்ந்திருக்கும் காரையை ஆழமாகச் சுத்தம் செய்து, சர்க்கரையும் இறங்கினால், ஓரளவு ஆடும் பல் திரும்ப இறுகுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுத்தம் அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே செய்துகொள்ளலாம். இது முடியாமல் யார் இம்ப்ளான்ட் வைத்தாலும், சொந்தப் பல்லைக் கெடுத்த அதே கிருமி திருகைச் சுற்றியும் ஈறையும் எலும்பையும் அரிக்கும்.

அம்மாவுக்கு எனக்குத் தோன்றுகிற வழி இது. 32 பல்லும் வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 20 பல் இருந்தால் ஒருவர் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டு வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனமே 1992-இல் ஏற்றுக்கொண்ட அளவு. ஜப்பானில் எண்பது வயதில் இருபது பல் என்று 1989-இலிருந்து ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். அம்மாவிடம் எண்ணிக்கை இருக்கிறது, ஜோடிதான் இல்லை. மேலே இருக்கும் கடைவாய்ப் பல்லுக்குக் கீழே மோத ஒன்றும் இல்லாததால் மெல்ல முடியவில்லை. எனவே வேலை முழுக்கக் கீழ்த்தாடையின் இரண்டு பின்பக்கங்களில்தான்.

அங்கே கழற்றி மாட்டும் பல் செட் வைக்கலாம். சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஆனால் பின்னால் பிடிக்கப் பல் இல்லாத கீழ்செட், மென்றால் பின்பக்கம் அமுங்கி ஆடும். நிறையப் பேர் கடைசியில் அதை டம்ளர் தண்ணீரிலேயே போட்டு வைத்துவிடுகிறார்கள். உலோகச் சட்டத்தில் செய்த செட் இன்னும் கொஞ்சம் நன்றாக நிற்கும். இரண்டு பக்கத்துப் பல்லையும் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் இங்கே செல்லாது, பாலத்துக்கு இரண்டு கரை வேண்டும், அம்மாவுக்கு ஒரு கரைதான் இருக்கிறது. இம்ப்ளான்ட் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் என்றால் இதுதான்: ஒவ்வொரு பக்கமும் இரண்டு வைத்து, அதன்மேல் இரண்டு மூன்று பல். மொத்தம் நாலு. எங்கள் பக்கம் இப்போது ஒரு இம்ப்ளான்ட், மேலே வைக்கும் பல்லோடு சேர்த்து, ஏறக்குறைய 25,000-லிருந்து 45,000 வரை ஆகிறது. நாலரை லட்சத்தில் பாதிகூட ஆகாது, ஒரு நல்ல பல்லும் போகாது. கோவையைச் சுற்றியுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்னும் குறையும். பேராசிரியர் பக்கத்தில் நிற்க மேற்படிப்பு மாணவர்கள் செய்வார்கள், நடைதான் கூடுதலாக இருக்கும்.

அந்த ஊசியின் காரணமாக இந்த நாலையும்கூட ஒரே நாளில் வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பக்கம் வைத்து, அது ஆறுகிறதா என்று பார்த்து, அப்புறம் மறுபக்கம். அதற்கு முன் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் கட்டாயம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, அதற்கு 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் திருகு நிற்க வேண்டும். தட்டினால் உதடு மரத்துப்போகும், சிலருக்கு அது திரும்புவதே இல்லை. இன்னொன்று, கீழே எதிர்ப்பல் இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்தால் மேல் கடைவாய்ப் பல் இறங்கி வந்திருக்கும். புதுப்பல் வைக்க உயரம் இருக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் மேலே கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும். மேலே வலதுபக்கம் போன இரண்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்கு மேலே மூக்கோடு சேர்ந்த சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது, எலும்பு அங்கே பெரும்பாலும் போதாது. அங்கே வைப்பதென்றால் எலும்பு கூட்டும் அறுவை வேண்டி வரும். அதற்குப் பிறகு மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மலை அடக்கக்கூடாது, காது அடைக்கிற மலைப்பாதைப் பயணமும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்போம். கீழே மெல்ல வந்துவிட்டாலே அம்மாவுக்குப் பெரிய நிம்மதி கிடைத்துவிடும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி ரத்தம் நிற்காமல் போய், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கிடந்தால் யாரிடம் போவீர்கள்? மூன்று நாளில் முடித்து அனுப்புகிற இடத்தில் நாலாவது நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கே வைத்தாலும், வாயில் வைத்த திருகின் கம்பெனி, அளவு, லாட் எண் மூன்றும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஓய்வு பெற்ற டிரைவர், வெளியூரில் வைத்த பல் ஆடுகிறது என்று என்னிடம் வந்தார். உள்ளே இருந்த சின்ன ஸ்க்ரூவை முடுக்கினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் முடுக்கி வேறு. அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வைத்த இடத்தையும் மூடிவிட்டார்கள். என்னிடம் இருந்த முடுக்கி ஒன்றும் சேரவில்லை. கடைசியில் மேலே இருந்த பல்லை வெட்டித்தான் எடுக்க வேண்டி வந்தது. அவர் கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதுவரை அம்மா பட்டினி கிடக்க வேண்டாம். அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். சோளத்தைச் சுட்டபின் கத்தியால் முத்தைச் சீவி, லேசாக நசுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுங்கள். முன்பல்லால் கதிரைக் கடிக்க விடாதீர்கள், இருக்கும் எட்டும் பாரம் தாங்கிக் களைத்துப்போயிருக்கும்.

மணிக்கட்டு உடைந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் எங்காவது இருக்கும், ரேஷன் கார்டு வைக்கும் பையில் தேடிப் பாருங்கள். ஊசியின் பெயரையும், கடைசியாக ஏற்றிய மாதத்தையும், ஹெச்.பி.ஏ.1.சி. எண்ணையும், எத்தனை விரல் வாய்க்குள் போனது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த கடிதத்தில் எந்தப் பக்கத்தை முதலில் தொடலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து உங்கள் பல் மருத்துவர்